அழியாத பேரேடும் அந்நியச் சரக்கும்

*கப்பல் பத்திரம் முதல் சாதிச் சான்றிதழ் வரை, நாணயக் கணக்குக்கென்று எழுந்த பிளாக்செயினில் அதற்குச் சம்பந்தமில்லாத தகவல்களும் வந்து குவிகின்றன. எழுதுகிறவர் ஒரு முறை காசு கட்டிவிட்டுப் போகிறார். காலமெல்லாம் காப்பவருக்குப் படியளப்பது யார்?*

பிற்பகல் மூன்று மணி வெயிலில், காசிமேட்டிலிருந்து சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரை, ஒன்றன் வாலை ஒன்று தொட்டுக்கொண்டு டிரெய்லர் லாரிகள் நிற்கின்றன. நாற்பதடிப் பெட்டிகளைச் சுமந்து நிற்கும் அவற்றின் நிழலில் ஓட்டுநர்கள் சிலர் துண்டை விரித்துப் படுத்திருக்க, ஐஸ் கட்டிகளை ஏற்றிய மூன்று சக்கர வண்டிகள் கிடைத்த சந்துகளிலெல்லாம் புகுந்து வெளிவருகின்றன. இதே வேளையில், இங்கிருந்து இரண்டு மூன்று மைல் தெற்கே, தம்புச் செட்டித் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சுங்கத் தரகர் ஒருவரின் அலுவலகக் குமாஸ்தா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சங்கடத்துடன் நெளிகிறார். மறுமுனையில் பேசுகிறவர், மணலியில் சி.எஃப்.எஸ். என்னும் சரக்குப்பெட்டி நிலையம் ஒன்றின் வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கும் டிரெய்லர்காரர்.

“இன்னா சார், டி.ஓ. எடுத்தாச்சா? வண்டி சும்மா நிக்குது.”

“பி.எல். இன்னும் பேங்க்லயே கெடக்குதுண்ணே. நாளைக்கு வந்துடும்.”

“நாளைக்குன்னா ஹால்ட்டிங் யார் குடுப்பா?”

சரக்கு வந்துவிட்டது; அதை விடுவிக்கும் டெலிவரி ஆர்டரை (டி.ஓ.) எடுக்கக் காகிதம் வரவில்லை. வடசென்னையில் கப்பல் வியாபாரம் தெரிந்தவர் எவருக்கும் இந்த அவஸ்தை புதிதன்று. பில் ஆஃப் லேடிங் (பி.எல்.) என்னும் அந்தக் காகிதம், சரக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டதற்கு ரசீதாகவும், கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொன்ன ஒப்பந்தத்துக்குச் சாட்சியமாகவும், எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் வைத்திருப்பவரே சரக்குக்கு உரியவர் என்று காட்டும் உரிமைப் பத்திரமாகவும் ஒரே சமயத்தில் விளங்குவதால், அதன் அசல் பிரதி வங்கி விட்டு வங்கி, கூரியர் விட்டு கூரியர் மாறி வந்து கப்பல் கம்பெனியின் கவுண்டரில் ஒப்படைக்கப்படும் வரை பெட்டி நகராது. அதுவரை டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டை நெறிப்படுத்திய இந்தியச் சட்டம் 1856-இல் பிறந்தது; ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். நிலையம் இன்றும் நிற்கிறது. சட்டத்தை 2025 ஜூலையில் மாற்றி எழுதிவிட்டார்கள்.

ஈதர் கணக்கில் கப்பல் பத்திரம்

காகிதத்தின் இந்த மந்தகதிக்குப் பரிகாரம் தேடியவர்களில் ஸ்லோவேனிய நாட்டைச் சேர்ந்த கார்கோஎக்ஸ் என்ற கம்பெனியும் ஒன்று. சீனாவிலிருந்து ஸ்லோவேனியாவின் கோப்பர் துறைமுகத்துக்கு ஆயத்த ஆடைகளை ஏற்றி வந்த பெட்டிக்கு, 2018-இல், காகிதமே இல்லாமல் ஈத்தீரியம் என்னும் பொதுப் பிளாக்செயினில் பதிந்த பத்திரத்தை அது வழங்கிற்று. 2020-இல் கொரோனா முடக்கத்தால் கூரியர் வண்டிகளும் நின்றுபோன வேளையில், இந்தியத் துறைமுகச் சங்கத்தின் பி.சி.எஸ்.1எக்ஸ் என்ற மின்தளத்தோடு இந்த வசதி இணைக்கப்பட்டது. சென்னைத் துறைமுகமும் எண்ணூர்க் காமராஜர் துறைமுகமும் அத்தளத்தில் இயங்கியவையே. ஆகவே, உலகில் எங்கோ ஈத்தீரியத்தின் ஈதர் நாணயத்தை வாங்கி விற்பவர்களின் கணக்குப் புத்தகத்தில் எண்ணூர் பெட்டியின் பத்திரமும் ஒரு வரி இடம்பிடிக்கும் வழி, ஓசையின்றி அன்றே திறந்துவிட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பத்திரம் முழுவதும் பிளாக்செயின் என்னும் சங்கிலியில் ஏறுவதில்லை. சரக்கு என்ன, அனுப்பியவர் யார், பெறுபவர் யார் என்ற விவரங்களெல்லாம் மறைகுறியாக்கப்பட்டு வேறிடத்தில் இருக்க, இன்ன பத்திரம் இன்னாரிடம் இருக்கிறது, இன்ன கணத்தில் இன்னாருக்குக் கைமாறியது என்ற அடையாளம் மட்டுமே பொதுப் பேரேட்டில் பதிகிறது. கடல் வாணிபக்காரர்கள் ரகசியத்தைப் பேணுவதில் தலைமுறை தலைமுறையாய்ப் பழகியவர்கள் என்பதனாலோ என்னவோ, இந்த விஷயத்தில் அவர்கள் காட்டிய நிதானம் பிறரிடம் அரிதாகவே காணப்படுகிறது. மற்றபடி, காகிதம் ஒழிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். தம்புச் செட்டித் தெருவின் மரப்படிகளில் ஏறி இறங்குவது பெரும்பாலும் இன்றும் காகிதமே. மின்வடிவ வணிகப் பத்திரங்களுக்குக் காகிதத்தோடு சமமான அந்தஸ்தை இங்கிலாந்தே 2023-இல்தான் சட்டம் இயற்றிக் கொடுத்தது.

விருந்தாளிகள் வந்த வழி

பிளாக்செயின்களுக்கெல்லாம் முன்னோடியான பிட்காயின் பேரேட்டின் முதல் பக்கத்திலேயே நாணயத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வாசகம் இருக்கிறது என்பது வேடிக்கை. 2009 ஜனவரி 3-ஆம் தேதி அதைத் தொடங்கி வைத்த, இன்றுவரை யாரென்று தெரியாத சதோஷி நாகமோட்டோ, வங்கிகளுக்கு அரசு இரண்டாம் முறை கைகொடுக்கப்போவதைப் பற்றிய லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் அன்றைய தலைப்பை அதில் பொதிந்துவைத்தார். ஸ்தாபகரே காட்டிய வழி அல்லவா? பின்வந்தவர்கள் தாராளமாகப் பின்பற்றினார்கள். பணம் பெறுபவரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், முகவரியைப் போலத் தோற்றமளிக்கும்படி தகவலைத் துண்டு துண்டாக நறுக்கி வைப்பது ஆரம்பகால உபாயம். 2011-இல் காலமான கணினி விஞ்ஞானி லென் சாஸமனுக்கு அஞ்சலி இப்படித்தான் பொறிக்கப்பட்டது. பிட்காயினை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஒன்பது பக்க ஆய்வுரையே 2013-இல் ஏறத்தாழ இவ்விதமே சங்கிலிக்குள் புகுத்தப்பட்டது.

இந்த உபாயத்தில் ஒரு கெடுதல் உண்டு. அவை பொய் முகவரிகள்; அங்கே அனுப்பிய காசை எவராலும் எடுத்துச் செலவிட முடியாது. ஆனால் எது பொய், எது மெய் என்று பேரேட்டைக் காக்கும் கணினிக்குத் தெரியாதாகையால், ‘செலவாகாத காசு’ என்ற நடைமுறைப் பட்டியலில் அவற்றை என்றென்றைக்கும் சுமந்துகொண்டிருக்க வேண்டியதாகிறது. வீட்டுக்குள் நுழைவதைத் தடுக்க முடியாவிட்டால் திண்ணையிலாவது உட்காரட்டும் என்ற எண்ணத்தில்தான், 2014-இல், ஓ.பி. ரிட்டர்ன் என்ற சிறு இடத்தைத் தகவலுக்கென்று ஒதுக்கினார்கள். முதலில் 40 பைட், பின்பு 80. தமிழில் ஒரு வெண்பாவுக்குக்கூட அது போதாது.

2017-இலும் 2021-இலும் பிட்காயினில் செய்யப்பட்ட இரு சீர்திருத்தங்கள், வேறு நல்ல நோக்கங்களுக்காக எழுந்தவையே எனினும், பரிவர்த்தனையின் சாட்சிப் பகுதியில் நான்கில் ஒரு பங்கு கட்டணத்துக்குப் பெரிய கோப்புகளை வைக்கலாம் என்ற எதிர்பாராத வாசலைத் திறந்துவிட்டன. 2023 ஜனவரியில் கேஸி ரோடார்மர் என்ற அமெரிக்கர் ‘ஆர்டினல்ஸ்’ என்ற முறையை வெளியிட்டதும் அந்த வாசல் வழியே குரங்குப் படங்களும் மந்திரவாதிப் படங்களும் விளையாட்டு நாணயங்களும் வெள்ளமாகப் புகுந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் நெரிசல் தாங்காமல், உலகின் பெரிய நாணயச் சந்தையான பைனான்ஸ் பிட்காயின் எடுப்பதைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

> பெட்டிச் செய்தி: சில எண்கள்
>
> • பிட்காயின் பேரேட்டில் ஏறத்தாழ 10 நிமிஷத்துக்கு ஒரு பக்கம் சேர்கிறது. 2025-இல் அதன் மொத்தக் கனம் சுமார் 700 ஜிகாபைட்.
>
> • 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி ஒரே ஒரு மந்திரவாதிப் படம் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. அளவு: சுமார் 3.9 மெகாபைட்.
>
> • ஆர்டினல்ஸ் முறையில் பொறிக்கப்பட்டவை 7 கோடிக்கும் அதிகம்.
>
> • ஓ.பி. ரிட்டர்ன் இடத்தின் வழக்கமான வரம்பு: 2014-இல் 40 பைட், 2025 அக்டோபரில் வந்த ‘கோர்’ மென்பொருளின் 30-ஆம் பதிப்பில் 1,00,000 பைட்.

ஒற்றியூர்ச் சுவரும் நந்தா விளக்கும்

பொதுவான ஒரு பரப்பில் அவரவர் விவகாரத்தை அழியாதபடி எழுதி வைக்கும் வழக்கம் கணினி யுகத்தில் தோன்றியது என்று எண்ணுகிறவர்கள், ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி, தேரடியில் இறங்கி, திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலின் பிராகாரத்தை ஒரு முறை சுற்றி வர வேண்டும். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட கருவறையிலும் சுற்று மண்டபங்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சாசனங்கள் இருக்கின்றன. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் இந்தப் பிரதேசத்தை ஆண்டபோது எழுதியவையும் அவற்றில் உண்டு. நிலம் விற்றவர், பொன் கொடுத்தவர், வியாகரணம் கற்பிக்க மண்டபத்துக்கு மானியம் விட்டவர் என்று, இறைவனின் பூஜைக்கு நேரடித் தொடர்புள்ளவையும் இல்லாதவையுமாக ஊர் விவகாரங்கள் பலவும் அச்சுவரில் ஏறியிருக்கின்றன. சுவர் பொது, எழுத்து நிலையானது, படிக்கத் தெரிந்தவர் எவரும் படிக்கலாம்.

ஆயினும் பழைய சாசனங்களைப் புரட்டிப் பார்க்கையில் இன்றைய ஏற்பாட்டில் விட்டுப்போன ஓர் அம்சம் பளிச்சென்று தெரிகிறது. கோயிலில் நந்தா விளக்கு ஒன்று சந்திர சூரியர் உள்ளவரை எரிய வேண்டுமென்று விரும்பிய சோழர் காலத்துப் பக்தர், ஒரு நாள் நெய்க்குக் காசு கொடுத்துவிட்டுக் கையை அலம்பிக்கொண்டு போகவில்லை. தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை இடையர் வசம் ஒப்புவித்து, ஆடு பெருகப் பெருக, தலைமுறை தலைமுறையாக, நாள்தோறும் உழக்கு நெய் வந்துகொண்டே இருக்கும்படி மூலதனத்தை ஸ்தாபித்துவிட்டே போனார். சுவருக்கும் அப்படியே காப்பாளர் இருந்தனர். திருமழபாடிக் கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துக் கட்ட வேண்டியதானபோது, சுவரிலிருந்த சாசனங்களையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளும்படி ராஜராஜன் ஆணையிட்டான். அவை ராஜேந்திரன் காலத்தில் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. எழுதியவன் பொறுப்பு, எழுத அனுமதித்தவன் பொறுப்பு, காப்பவனுக்குரிய படி ஆகிய மூன்றும் அங்கே ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

பிட்காயினில் படம் ஒன்றைப் பொறிப்பவர் கட்டும் கட்டணம், அந்தப் பக்கத்தை எழுதி முடித்த சுரங்கக்காரருக்கு, அன்றைய தினமே, முழுவதும் போய்விடுகிறது. ஆனால் அந்தப் பக்கத்தை அதன்பின் ஆண்டாண்டு காலமாகத் தங்கள் வட்டில் வைத்திருந்து, கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறவர்கள், உலகெங்கும் தங்கள் சொந்தச் செலவில் கணினியை ஓடவிட்டிருக்கும் தன்னார்வலர்கள். அவர்களுக்கு ஒரு சல்லி கிடையாது. ஒரு வட்டுக்கு ஆகும் செலவு சொற்பம்தான் என்பார்கள். உண்மையே. ஆனால் சொற்பச் செலவைப் பல்லாயிரம் பேர், அவர்களுக்கு இஷ்டமிருக்கிறதா என்று கேட்காமலே, முடிவற்ற காலத்துக்குச் சுமக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள அநீதி. மேலும், பழைய பக்கங்களைக் கத்தரித்து எறிந்துவிட்டுத் தேவையான கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது; எல்லோரும் அப்படிச் செய்யத் தீர்மானித்தால் சாசுவதம் என்று விளம்பரப்படுத்தப்படும் இந்த எழுத்துகளின் கதி என்னவாகும் என்று கேட்பவர்கள் குறைவு. தர்மவான்கள் சிலரின் பிடிவாதத்தில்தான் அந்தச் சாசுவதம் நிற்கிறது.

ஆட்டு மானியத்தின் தர்க்கத்தை அறிந்தோ அறியாமலோ கையாண்ட ஒரு சங்கிலியும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2018-இல் தொடங்கிய ஆர்வீவ், கோப்பு வைப்பவரிடம் ஒரே தடவையில் பெரும் தொகையை வாங்கி, அதில் பெரும்பகுதியை வைப்பு நிதியாக ஒதுக்கி, பின்னாளில் காப்பவர்களுக்கு அதிலிருந்து கூலி கொடுக்கிறது. சேமிப்புச் செலவு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும் என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது அது. அனுமானம் பலிக்குமா என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். ஆனால் கேள்வியையாவது கேட்டிருக்கிறார்கள்.

காவலாளிகளின் சண்டை

2025-இல் பிட்காயின் உலகில் மூண்ட உட்பகையும் இதே விஷயத்தின் மேல்தான். பெரும்பான்மையோர் பயன்படுத்தும் ‘கோர்’ மென்பொருளின் பராமரிப்பாளர்கள் ஓ.பி. ரிட்டர்ன் வரம்பை லட்சம் பைட்டாக உயர்த்தப் போகிறோம் என்றதும், லூக் டாஷ்ஜர் பராமரிக்கும் ‘நாட்ஸ்’ என்ற மாற்று மென்பொருளுக்குக் கூட்டங்கூட்டமாக ஆட்கள் மாறினார்கள். வெளியில் தெரியும் கணினிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அப்பக்கம் சாய்ந்தது. வரம்பு போட்டாலும் சுரங்கக்காரரிடம் நேரே காசைக் கொடுத்துப் பின்வாசல் வழியாக நுழைகிறார்கள், பொய் முகவரிகளைவிட ஓ.பி. ரிட்டர்னில் எழுதுவது தீங்கு குறைந்தது என்பது கோர் கட்சி. நாணயத்துக்கென்று ஏற்பட்ட பேரேட்டைப் பரண்மேல் சாமான் போடும் இடமாக்குவதா என்பது நாட்ஸ் கட்சி. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சாபங்களும் தாராளமாக இருக்கின்றன. என் அபிப்பிராயம், வரம்பைப் பற்றிய இந்தச் சண்டை கட்டணத்தைப் பற்றிய சண்டையாக மாறாதவரை தீராது என்பதே.

எண்ணூரின் முதல் அறிக்கை

2017 ஜனவரி 28-ஆம் தேதி அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு போன்ற சேதம் ஏதும் சுற்றுச்சூழலுக்கு ஏற்படவில்லை என்று துறைமுகத்தின் முதல் அறிக்கை கூறிற்று. அடுத்தடுத்த நாட்களில் எண்ணூரிலிருந்து திருவொற்றியூர், காசிமேடு வழியாக மெரினாவுக்கு அப்பாலும் கரை கறுத்தது. உலகத் தொழில்நுட்பம் கைவிட்ட நிலையில், மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல்படையினரும் பிளாஸ்டிக் வாளிகளைக் கொண்டு தார்போன்ற கசடை அள்ளியதை ஊரே பார்த்தது.

அந்த முதல் அறிக்கை வெளிவந்த கணத்திலேயே பொதுப் பேரேட்டில் பதிவாகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பொய்யான வாக்கியம் ஒன்று அழியாத வாக்கியமாகியிருக்கும். பிளாக்செயினில் ஏறியது சத்தியம் என்று நம்பும் பாமரருக்கு அது சத்தியமாகவே தோன்றியிருக்கும். ஆனால் அதே நேரத்தில், இன்ன நிறுவனம் இன்ன மணிக்கு இவ்வாறு சொன்னது என்பதைப் பின்னாளில் எவரும் மறுக்கவோ மாற்றி எழுதவோ முடியாமல் போயிருக்கும். பேரேடு காப்பது சொன்னவரின் சொல்லைத்தானேயன்றி அச்சொல்லின் மெய்ம்மையையன்று. இந்த வித்தியாசத்தை மறைத்து விற்கப்படும் திட்டங்கள் ஏராளம். வித்தியாசத்தைப் புரிந்துகொண்டவர்க்கோ, குறிப்பாக அதிகாரமில்லாதவர்க்கு, அதுவே கையிலிருக்கும் ஆயுதமாகலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர்க் கழிமுகத்தில் புகுந்தபோது, படகுகளும் வலைகளும் அலையாத்திகளும் கருமை பூண்டதைப் படமெடுத்தவர்கள் அந்தந்தக் குப்பத்து இளைஞர்களே. மணலியிலுள்ள சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் மழைநீர் மேலாண்மைக் குறைபாட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னர்ச் சுட்டிக்காட்டிற்று. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. இப்படிப்பட்ட வழக்குகளில் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, இந்தப் படம் எப்போது எடுத்தது, பிறகு திருத்தப்படவில்லை என்பதற்கு என்ன பிரமாணம் என்பதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியத்தோடு தர வேண்டிய சான்றிதழ்ப் படிவத்தில் அக்கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண்ணையும், குறிப்பிடச் சொல்கிறது. எனவே பாரிமுனை நீதிமன்ற வளாகத்தின் வக்கீல் குமாஸ்தாக்களுக்கு ஹாஷ் என்பது இப்போது அந்நிய விஷயமன்று.

படம் எடுத்த அன்றே அதன் ஹாஷை மட்டும் பிட்காயினில் பதிந்து வைத்துவிட்டால், அக்கோப்பு அந்தத் தேதிக்குப் பிற்பட்டதன்று என்பதைக் காட்ட யாருடைய நற்சான்றும் தேவைப்படாது. பீட்டர் டாட் 2016-இல் உருவாக்கிய ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவச முறை, ஆயிரக்கணக்கானோரின் ஹாஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு ஹாஷாக்கி, அந்த ஒன்றை மட்டும் சங்கிலியில் வைக்கிறது. மந்திரவாதிப் படத்துக்கு நாற்பது லட்சம் பைட் வேண்டியிருந்தது. ஆயிரம் பேரின் சாட்சியத்துக்கு 32 பைட் போதும். எதை எழுதினாலும் ஒன்றுதான் என்று வாதிப்பவர்கள் இந்த விகிதத்தைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம்: படம் எந்த இடத்தில் எடுத்தது, காட்சி ஜோடிக்கப்பட்டதா என்பதற்கெல்லாம் ஹாஷ் விடை சொல்லாது.

> பெட்டிச் செய்தி: ஹாஷ்
>
> எவ்வளவு பெரிய கோப்பானாலும் ஒரு கணித முறையில் செலுத்தினால் 32 பைட் நீளமுள்ள ஓர் எண் வெளிவரும். கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எண் முழுவதும் மாறிவிடும். எண்ணிலிருந்து கோப்பைத் திரும்ப வரவழைக்க முடியாது.
>
> ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1991-இல் இதைக் கொண்டு ஆவணங்களுக்குத் தேதி முத்திரையிடும் முறையை வகுத்தனர். அவர்களுடைய ஷ்யூரிட்டி கம்பெனி 1995 முதல் வாரந்தோறும் ஒரு ஹாஷை ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் வரி விளம்பரப் பகுதியில் வெளியிட்டு வந்தது. விளம்பரத்துக்கு முறைப்படி காசும் கட்டிற்று.

கோட்டையின் தனிச் சங்கிலி

தமிழக அரசு 2020 செப்டம்பரில் பிளாக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதன் வழியே மின்னாளுமை முகமை அமைத்த ‘நம்பிக்கை இணையம்’, பொதுச் சங்கிலியன்று. அனுமதி பெற்ற கணினிகள் மட்டுமே பங்குகொள்ளும் தனிச் சங்கிலி. பிரஜைகளின் சான்றிதழ்களை அயல்நாட்டு நாணய வியாபாரிகளின் பேரேட்டில் வைப்பதில்லை என்ற இந்தத் தீர்மானத்தில் விவேகம் இருக்கிறது. ஆனால் காவலும் சாவியும் பேனாவும் ஒரே இலாகாவின் கையில் இருக்கும்போது, அந்த இலாகாவின் மீதே சந்தேகம் எழுந்தால் சங்கிலி யாருக்குச் சாட்சி சொல்லும்? தனிச் சங்கிலியின் அன்றாட முடிவுக் கணக்கை ஒரே ஒரு ஹாஷாக்கி, நாளுக்கு ஒரு முறை பொதுச் சங்கிலியில் நட்டுவைப்பது மிகச் சுலபமான பரிகாரம். செலவும் சொற்பம். உள்ளே இருப்பது எதுவும் வெளியே தெரியாது; ஆனால் நேற்றைய கணக்கை இன்று திருத்தினால் உலகுக்குத் தெரிந்துவிடும். அந்த அசௌகரியத்தைத் தானாக வரவேற்கும் அரசு எந்த நாட்டிலும் அபூர்வம்.

மகாராஷ்டிரம் வேறு வழியில் சென்றது. 2022-இல் கட்சிரோலி மாவட்டத்தின் ஏட்டப்பள்ளிப் பகுதியில் 65,000 சாதிச் சான்றிதழ்களைப் பாலிகன் என்ற பொதுச் சங்கிலியோடு பிணைத்துச் சரிபார்க்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. போலிச் சான்றிதழால் பழங்குடியினரின் இடங்கள் பறிபோகும் கொடுமையைத் தடுப்பதே நோக்கம். நல்ல நோக்கம்; ஆனால் சாதிப் பெயர் என்பது, ஒருவர் தம் பிள்ளைகளின் காலத்திலாவது பின்னே விட்டுச் செல்ல விரும்பக்கூடிய ஒன்று என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

அழிக்கச் சொல்லும் உரிமை

அழியாமையால் நன்மை அடைந்தவர்கள் உண்டு. 2018 ஏப்ரலில் பீக்கிங் பல்கலைக்கழக மாணவி ஒருவர், பழைய பாலியல் கொடுமைப் புகார் ஒன்றைப் பற்றி நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டு எழுதிய திறந்த மடல் சீன இணையத்தில் நீக்கப்பட்டுக்கொண்டே வந்தபோது, யாரோ அதை ஈத்தீரியத்தில் ஒரு பூஜ்யப் பரிவர்த்தனையோடு ஒட்டிவைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது. அதே ஆண்டில் ஆஹன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பிட்காயின் சங்கிலியைச் சல்லடையிட்டு 1,600-க்கும் அதிகமான கோப்புகளைக் கண்டெடுத்தபோது, அவற்றில் குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களுக்கான சுட்டிகளும் கிடைத்தன. அத்தகையதைப் பரப்புவது மட்டுமன்றித் தேடுவதையும் இறக்குவதையும் குற்றமாக்குகிறது நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு. நாணயக் கணக்கைச் சரிபார்ப்பதற்காகச் சங்கிலியை முழுவதும் இறக்கி வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், தமக்கே தெரியாமல் தம் வட்டில் எதைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்பது அவரைக் கலங்கடிக்கத்தக்க சிந்தனை. இங்கே எவர்மீதும் இதற்காக வழக்குத் தொடரப்பட்டு முடிவு காணப்பட்டதாகத் தெரியவில்லை என்பதால் இப்போதைக்கு அச்சம்தான், ஆபத்தன்று. அழியாமையின் பயனைத் திருடர்களும் அறிவார்கள்: லட்சக்கணக்கான கணினிகளைத் தொற்றிய குளுப்டீபா என்ற நச்சு நிரல், தன் தலைமைக் கணினி முடக்கப்பட்டால் புதிய விலாசத்தை எங்கே போய்ப் பார்ப்பது என்பதற்குப் பிட்காயின் பேரேட்டையே அறிவிப்புப் பலகையாக்கியிருந்ததை, 2021 டிசம்பரில் கூகுள் தொடர்ந்த வழக்கு அம்பலப்படுத்திற்று.

நம் நாட்டுச் சாமானியரைத் தொடும் சிக்கல் இவையெல்லாவற்றையும்விடச் சாதாரணமானது. 2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தம்மைப் பற்றிய தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது. அழிக்கும் கடமையிலிருந்து அரசுக்கு அச்சட்டமே விலக்கும் கொடுத்துவிட்டதால், ஏட்டப்பள்ளிச் சான்றிதழுக்கு இது பொருந்தாது. தனியார் கல்லூரி, தனியார் ஆஸ்பத்திரி, சரக்கு முகவர் எல்லோருக்கும் பொருந்தும். ஹாஷைத்தானே வைத்தோம், பெயரையா வைத்தோம் என்று அவர்கள் சொல்லித் தப்பவும் முடியாது. ஆதார் எண் பன்னிரண்டு இலக்கம். பன்னிரண்டு இலக்க எண்கள் அத்தனைக்கும் ஹாஷ் போட்டுப் பார்த்து, சங்கிலியில் இருப்பதோடு ஒத்திட, விளையாட்டுக்காக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று சில நிமிஷங்களே எடுத்துக்கொள்ளும். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணுக்குச் சில விநாடிகள். யாராலும் ஊகிக்க முடியாத ஒரு ரகசிய எண்ணைத் தகவலோடு கலந்து, அதன்பின் ஹாஷ் எடுத்து, அழிக்கச் சொல்லும் நாளில் அந்த ரகசியத்தை எரித்துவிடும்படி ஏற்பாடு செய்தவர்களே நிம்மதியாக இருக்கலாம்.

சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்து, 2027 மே மாதவாக்கில் அமலுக்கு வருகின்றன. மிகப் பெரிய மீறலுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். தம்புச் செட்டித் தெருக் குமாஸ்தாவின் மேஜை இழுப்பறையில் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்களும் பான் அட்டை நகல்களும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கின்றன. ‘எல்லாவற்றையும் பிளாக்செயினில் ஏற்றித் தருகிறோம்’ என்று ஒரு மென்பொருள் விற்பனையாளர் அவருடைய முதலாளியிடம் வந்துபோயிருக்கிறார். எதை ஏற்றுவீர்கள், கோப்பையா ஹாஷையா, ரகசிய எண் யாரிடம் இருக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். விற்பனையாளர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.